வாசலில் ஒட்டிய குறி

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்திருப்பதுதான் வேலை என்று ஆன பிறகுதான் சுகந்திக்குக் கழுத்து வலிப்பதே தெரிந்தது. திரையின் அடியில் பச்சைக் கோடு ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. நகர்கிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி நிற்கும், பார்த்துக்கொண்டே இருந்தால் அசையாது. திருத்திய ப்ரோக்ராமின் எல்லாச் சோதனைகளும் ஓடி முடியச் சாயங்காலம் ஆகிவிடும். சாப்பாட்டு டப்பாவைக் கழுவாமல் மூடி வைத்ததில் ரசத்து வாசம் மேஜைக்கடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. எழுந்து போய்க் கழுவலாம். கழுவி என்ன, திரும்பி வந்து இதே நாற்காலியில்தான் உட்கார வேண்டும். கண்ணாடிக்கு வெளியே சரவணம்பட்டி வெயிலில் கொழுந்துவிட்டு எரிய, உள்ளே ஏசி யார்மேலோ இருக்கும் வஞ்சத்தைத் தீர்த்துக்கொள்வதுபோல் குளிர்ந்தது. பக்கத்து இருக்கை ஷாகிதா ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் துப்பட்டாவையும் சுற்றிக்கொண்டு, காதில் மாட்டியதில் எதையோ கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டட்டும், அந்த வயசில் தலையாட்ட எவ்வளவோ இருக்கிறது. சுகந்திக்கு முப்பத்தாறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை நல்லசிவம் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவளைப் பெண் பார்க்க வருகிறான். அவனுக்கு இன்னும் ஒரு விஷயம் தெரியாது. அதைச் சொல்லியாக வேண்டும், அதுவும் இந்தப் பச்சைக் கோடு போய் முட்டுவதற்குள்.

சொல்வதற்கு ஒரு வரி போதும். எனக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி, கோர்ட்டில் முடிந்துபோனதுங்க. இந்த ஒரு வரியைத்தான் சித்திரையிலிருந்து வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறாள், விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. முதல் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் போனில் அவனுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தாள். தெரிந்துதானே கூப்பிடுகிறான், எல்லாம்தான் வெப்சைட்டில் இருக்கிறதே, அண்ணன் மனைவி கலாமணி நங்கை உட்கார்ந்து கட்டம் கட்டமாக நிரப்பி, மறுமணம் என்ற இடத்தில் சரியாக டிக் அடித்து, இவளைக் கேட்காமலே போட்டோவையும் ஏற்றி வைத்திருந்தாளே. ஊருக்கெல்லாம் வரன் தேடித்தரும் வெப்சைட்டுக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவள், கடைசியில் அதே கடையில் தானும் ஒரு சரக்காகப் போய் உட்கார்ந்தாள். அந்தக் கூத்தை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று அப்போது தெரியவில்லை. நல்லசிவம் பேசினான். கணபதியில் பம்புசெட் உதிரி பாகம் செய்கிற பட்டறை, அப்பாவின் நீண்ட சீக்கு, தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்ததில் தன் கல்யாணம் தள்ளிப்போனது, எல்லாம் பேசினான். மூன்றாவதோ நான்காவதோ போனில்தான் அது வந்தது. "எங்கம்மாவுக்கு ஒரே கண்டிஷன்தானுங். மொதக் கல்யாணமா இருக்கோணும். அதை மட்டும் தட்டி உட்டுத்தான் தேடினேன். மொதப் பக்கத்துலயே நீங்க வந்து நின்னீங்க" என்று சொல்லிச் சிரித்தான். அப்போதே சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். முடிந்திருக்கும் என்பதனால்தான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாதது மறுநாள் இன்னும் கனமானது, அதற்கு மறுநாள் அதைவிட.

முதல் கல்யாணம் மட்டும் என்று தேடியவன் முன்னால் தான் எப்படிப் போய் நின்றோம் என்பது அவளுக்குப் புரியவில்லை. நங்கை எங்கேயாவது தப்பாகப் போட்டுவிட்டாளோ என்று பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. மேற்கொண்டு தோண்டவில்லை. தோண்டாமல் விட்டாளே, அதுவும் ஒரு கெட்டிக்காரத்தனம்தான். காரணம் இந்த வாரம் தானாகவே வெளியே வந்தது, பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மாள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுக் கிழித்த கிழியில். "எம்பையனுக்கு என்னங்க கொறச்சல்? கட்டி அத்துட்டு வந்தவளையெல்லாம் கொண்டாந்து காட்டறீங்க?" அந்தக் குரலைப் பதிவு செய்து எல்லோரையும் கேட்க வைத்தார் மேனேஜர் ரமணன். கட்டி அத்துட்டு வந்தவள் அந்த அறையிலேயே உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள். யாருக்கும் அவளைப் பற்றி அங்கே தெரியாது. தெரிந்தவர்கள் இருந்திருந்தால் அவள் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள், அது பொள்ளாச்சி அம்மாளின் குரலைவிட மோசமாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். அந்த ப்ரோக்ராமில் ஒரு வரனை எடுத்துக் காட்டுகிற இடங்கள் ஏராளம். தேடினால் காட்டும் இடம், காலையில் மெயிலில் அனுப்பும் இடம், இன்றைய வரன் என்று போனில் மணியடிக்கும் இடம். ஒவ்வொன்றுக்குள்ளும் போய், இவர் மறுமணமா, பார்க்கிறவர் அது வேண்டாம் என்றிருக்கிறாரா என்று எழுதிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் காவலைத் தனியாக ஒரே இடத்தில் எழுதி வெளியே நிறுத்திவிடுவார்கள். ஆஸ்பெக்ட் என்று அதற்குப் பெயர். ஷாகிதா அதை வாட்ச்மேன் என்பாள். காட்டுகிற வேலை எதுவானாலும் சரி, அதன் கையில் கொடுக்கப்போகும் பொருளை முதலில் வாட்ச்மேன் வாங்கிப் பார்ப்பான். ஆகுமென்றால் விடுவான், ஆகாதென்றால் சத்தமில்லாமல் திருப்பிவிடுவான். உள்ளே இருக்கிற வேலைக்கு இப்படி ஒருவன் வெளியே நின்று பார்ப்பதே தெரியாது. வந்த பொருளை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு இரண்டு வழி, வகையை வைத்து அல்லது மேலே ஒட்டிய குறியை வைத்து. முன்பு வகையை வைத்துத்தான் எழுதியிருந்தாள். வரன் என்று ஒரு பெரிய வகை, அதற்குப் பிள்ளையாக மறுமணம் என்று ஒரு வகை. வாசலில் வரன் என்று பொதுப்பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் வாட்ச்மேன் ஏமாறமாட்டான், எதிரே நிற்பது உண்மையில் யார் என்று அந்த நேரத்தில் தொட்டுப் பார்த்துவிடுவான். நன்றாகத்தான் ஓடியது. பிறகு ரமணன், விவாகரத்து தனி, துணையை இழந்தவர் தனி, நிச்சயமாகி நின்றுபோனவர் தனி என்று வகைகளைப் பிரிக்கச் சொன்னார். நின்றுபோனதற்குக்கூடவா சார் என்றதற்கு, "கஸ்டமர் கேக்கறாங்க சுகந்தி, நாம என்ன பண்றது" என்று கையை விரித்தார். இத்தனை வகையின் பெயரையும் வாட்ச்மேனுக்கு ஒப்பிக்க வேண்டாம், எல்லாவற்றின் மேலும் ஒரே குறியை ஒட்டிவிடு, குறி இருந்தால் நிறுத்து என்று மட்டும் அவனுக்குச் சொல்லிவிடு என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஒட்டினாள். எங்கே ஒட்டினாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறியை வகையின் தலையில் ஒட்டியிருக்க வேண்டும். அவள் ஒட்டியது வேலையின் வாசலில், அது வாங்கிக்கொள்ளப்போகும் பொருளின் பெயருக்கு முன்னால். எழுதிப் பார்த்தால் கச்சிதமாகத் தெரியும், படிக்கிறவருக்கும் பொருள் விளங்கும். ஆனால் அவள் வைத்திருந்த வாட்ச்மேன் வாசலைப் பார்க்கிறவன் இல்லை, வருகிற ஆளின் மேல் குறி இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். ஆள்மேல் ஒன்றுமில்லை. போங்க, போங்க என்று எல்லோரையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை, ஏனென்றால் எதுவும் உடையவில்லை, வெறுமனே எதுவும் நடக்கவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, முதல் கல்யாணக்காரர்களுக்குக் காட்டுகிற பக்கத்தில் திருமண நிலை என்ற வரியே கிடையாது. எல்லோரும் முதல் கல்யாணம்தானே, எதற்கு ஒரு வரி வீண் என்று அந்தப் பக்கத்தை வடிவமைத்தவர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். அப்படித்தான் சுகந்தி, வயசும் உயரமும் படிப்பும் மஞ்சள் புடவைப் போட்டோவுமாக, அந்த ஒரு வரி மட்டும் இல்லாமல், நல்லசிவத்தின் போனில் போய் நின்றாள். கை தவறிப் போட்டதுதான். கைதானா? அந்தக் குறியை எழுதிய நாளில் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும், அன்றைக்கு மழை பெய்தது என்பதைத் தவிர வேறொன்றும் ஞாபகம் வரவில்லை. மனசு தெரிந்தே கையைத் தட்டிவிட்டிருக்குமோ. மனசுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் இந்த நிலைமைக்கு ஏன் வந்திருக்கிறோம் என்று தன்னையே ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டாள். கழுத்து சுள்ளென்றது.

மத்தியானம் பண்ணியதெல்லாம் இதுதான், குறியை வாசலிலிருந்து உரித்து ஆள்மேல் ஒட்டினாள். ஒரு வரியை அழித்து, ஒவ்வொரு வகையின் தலையிலும் ஒரு வரி. அதோடு முடியவில்லை. குறிகளிலேயே சில எழுதிய தாளோடு போய்விடும், சில கொஞ்ச தூரம் வரும், சிலதான் ப்ரோக்ராம் ஓடுகிற நேரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். எது வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஓடுகிற நேரத்திலும் இருக்க வேண்டும் என்று எழுதினாள். அப்புறம் அதன் பிள்ளை வகைகளுக்கும் குறி இறங்க வேண்டுமா என்று ஒரு கேள்வி. சொல்லாவிட்டால் இறங்காது. நாளைக்கு ரமணன் விவாகரத்தையே மேலும் இரண்டாகப் பிரித்தாலும் பிரிப்பார். இறங்கட்டும் என்று அதற்குரிய சொல்லையும் சேர்த்தபோது விரல் கொஞ்சம் நின்றது. இல்லாத பிள்ளைக்கும் சேர்த்து ஒட்டுகிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது, அபத்தம், இது வகை, அது பிள்ளை. காப்பி குடித்தாள். காப்பி ஆறியிருந்தது. ஆறிய காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அது ஆறியிருந்தது என்று யோசித்தாள், அவ்வளவு அலுப்பு.

குறி ஒட்டுவது புதிதா என்ன. கோர்ட்டில் எல்லாம் முடிந்த பிறகு வந்த பெரியப்பா மகள் கல்யாணத்தில், சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக மேடையேறிய நேரத்தில், அவள் கையிலும் ஒரு தட்டு இருந்தது. தேங்காயும் பழமும் வெற்றிலையும். யார் கொடுத்தார்கள் என்று ஞாபகமில்லை, கூட்டத்தில் யாரோ நீட்டினார்கள், வாங்கிக்கொண்டாள். மேடைப்படிக்கு வந்ததும் ஒரு அத்தை, நல்ல அத்தைதான், சின்ன வயசில் இவளைத் தூக்கி வளர்த்தவள், இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து, "நீ உக்காரு கண்ணு, கால் வலிக்கும், நான் கொண்டுட்டுப் போறேன்" என்றாள். கால் வலிக்கவில்லை. அத்தையின் குரலில் அவ்வளவு அன்பு, அந்த அன்பை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். சுகந்தி போய் உட்கார்ந்தாள், பக்கத்தில் யாரோ பஞ்சாமிர்தம் வைத்திருந்தார்கள், சாப்பிட்டாள், நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னாள். ஈரோட்டில் குடியிருந்த அந்த ஒரு வருஷத்துக்குக்கூட எட்டாத அவளுடைய கல்யாணத்தில் அடி உதை எதுவும் கிடையாது. இருந்திருந்தால் ஊருக்குச் சொல்ல ஒரு கதையாவது மிஞ்சியிருக்கும். அவன் பேசமாட்டான், அவ்வளவுதான். சாப்பாடு போட்டால் சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், போய்விடுவான். ஒரு நாள், எனக்கு இதில் இஷ்டமில்லை, வீட்டில் சொன்னதற்காகக் கட்டிக்கொண்டேன் என்று, ஃபேன் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஏதோ தப்பு நம் பக்கம் என்று அவள் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் சுவிட்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கோடு பாதியைத் தாண்டியிருந்தது. சோதனைகளின் பெயர்கள் மேலே ஒவ்வொன்றாக ஓடின, வரன் என்ற பெயரில் வரும் விவாகரத்து, நிறுத்தப்பட வேண்டும், சரி. வரன் என்ற பெயரில் வரும் முதல் திருமணம், விடப்பட வேண்டும், சரி. சரி, சரி, சரி. ரமணன் கையில் டீயோடு வந்து நின்றார். "என்ன சுகந்தி, முடிஞ்சிடுமா? ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் ஏத்த வேண்டாம்மா. தெரியும்ல. ஏதாவது புட்டுக்கிச்சுன்னா சனி ஞாயிறு ரெண்டும் போச்சு. திங்கக்கிழமை பாத்துக்கலாம்." வெள்ளிக்கிழமை எதையும் வெளியே விடக்கூடாது என்பது இந்தத் தொழிலில் யாரும் எழுதி வைக்காத சட்டம், ராகுகாலத்தை நம்பாதவர்கள்கூட அதை நம்புவார்கள். திங்கட்கிழமை. சுகந்தி அந்தச் சொல்லை உள்ளே வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமை தாண்டிவிடும். நல்லசிவத்தின் அம்மா வந்து, காப்பி குடித்து, பெண் லட்சணமாக இருக்கிறாள் என்று சொல்லி, பூ வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு தெரிந்தால் தெரியட்டும், அவனுக்கும் விட்டுவிட மனசு வராது. இதெல்லாம் ரமணன் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சுவதற்குள் ஓடிவிட்டது. "இல்லீங்க சார், இன்னைக்கே விட்டுடலாம். இன்னும் ரெண்டு நாள் தப்பாக் காட்டிட்டே இருக்கும்" என்றாள். நேர்மை என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பெருந்தன்மை. அவளுக்கு முடியவில்லை, அவ்வளவுதான். இன்னும் இரண்டு நாள் அந்த வரியை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க அவளிடம் தெம்பில்லை. ரமணன் பதறினார், அப்புறம் பொள்ளாச்சி அம்மாளை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, "உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஷாகிதா காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "ஏங்க்கா, வேலியில போற ஓணானைப் பிடிச்சு" என்று ஆரம்பித்தவள், இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "ஒடம்பு சரியில்லையாக்கா?" "கழுத்துதான் ஷாகிதா." கழுத்துதான். எல்லாவற்றுக்கும் ஒரு கழுத்து இருக்கிறது.

சாயங்காலம் இது ஏறிவிட்டால் அவன் பக்கத்திலிருந்து சுகந்தி காணாமல் போய்விடுவாள். அவன் தினமும் அதைத் திறந்து பார்க்கிறான் என்று அவனே சொன்னான். பட்டறையில் கை ஒழிகிற நேரத்தில் அந்த மஞ்சள் புடவைப் போட்டோவைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவிடுவானாம். போனில் ஒன்று அனுப்பி வைக்கட்டுமா என்றதற்கு, வேண்டாமுங், இதுலயே பாத்துப் பழகிருச்சு என்றான். யாராவது அப்படிச் சொல்வார்களா. இந்த மனுஷனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம், பிடித்திருந்தது. காந்திபுரம் பேக்கரியில் பார்த்தபோது தேங்காய் பன்னைப் பிய்த்துப் பெரிய துண்டை இவள் பக்கம் தள்ளிவிட்டு, எண்ணெய்க் கறை போகாத விரல்களை மேஜைக்கடியில் மறைத்துக்கொண்டான். தண்ணி வரலைன்னா எல்லாரும் மோட்டாரைத்தான் ஒதைக்கறாங்க, கெணத்தை யாரும் எட்டிப் பாக்கறதில்லைங் என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். பேசுகிற ஆள். அவளுக்கு அது போதும், வாயைத் திறந்து பேசுகிற ஆள், அசட்டுத்தனமாகப் பேசினாலும் சரி. இவளும் பேசினாள், ஆனால் ஒவ்வொரு பேச்சையும் வெளியே விடுமுன் ஒரு முறை தடவிப் பார்த்து, ஈரோடு என்ற ஊர்ப்பெயர் எங்கேயாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு. அவன் ஒரு முறை ஈரோட்டுச் சந்தையில் துணி எடுத்ததைச் சொன்னபோது, ஓ அப்படியா, எனக்கு அந்தப் பக்கமே தெரியாதுங்க என்றாள். பொய். அந்தச் சந்தையில்தான் தலையணை உறை வாங்கினாள், நீலப் பூ போட்டது, இரண்டு. ஒருவனோடு சந்தோஷமாக இருக்கிற நேரத்தில் இவ்வளவு களைத்துப்போக முடியும் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்கமாட்டாள். போனை வைத்துவிட்டுப் படுத்தால், மூட்டை தூக்கியவள் மாதிரி தோள் வலிக்கும்.

கோட்டில் இன்னும் கொஞ்சம்தான் வெள்ளை மிச்சம். எழுந்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள், ஏன் இப்போது என்று தெரியவில்லை, கை ஈரமாக இருந்தால் போனைத் தொட முடியாது என்பதாலோ என்னவோ. கையைத் துடைத்தாள். லிஃப்டுக்குப் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். அங்கே ஏசி கிடையாது. வெக்கை முகத்தில் அடித்தது, அதுவே இதமாக இருந்தது. சன்னல் வழியாக மேற்கே மலை தெரிந்தது, தூசிக்குப் பின்னால் வெளிறி. அவன் என்ன சொல்வான் என்று எல்லா விதமாகவும் பார்த்து வைத்திருந்தாள். ஏன் மறைச்சீங்க என்று கத்துவான். கத்தமாட்டான், கத்துகிற ஆள் இல்லை. சரிங்க, அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிடறேன் என்று சொல்லிவிட்டுக் கூப்பிடாமலே இருப்பான். அதுதான் நடக்கும். நடக்கட்டும், கூப்பிடாத போனைப் பார்த்துக்கொண்டிருப்பதும் இதைவிடச் சுலபம். எண்ணைத் தட்டினாள். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே, "சொல்லுங்க சுகந்தி, என்ன இந்த நேரத்துல? இருங்க வெளிய வர்றேன்" என்றான். சத்தம் தூரப் போனது. அவள் அந்த வரியைச் சொன்னாள். மென்று வைத்திருந்ததால் கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது. ஈரோடு என்றும் சொன்னாள், கோர்ட் என்றும் சொன்னாள், முன்னாடியே சொல்லியிருக்கோணும், தப்புத்தானுங்க என்றும் சொன்னாள். அப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. அது வருத்தமில்லை, சிரிப்புக்கு முந்தைய மூச்சு. "எனக்குத் தெரியுமுங்க" என்றான் நல்லசிவம். "பேச ஆரம்பிச்ச மொத மாசத்துலயே தெரியும். எந்தங்கச்சிய ஈரோட்டுலதானுங் குடுத்திருக்குது. போட்டோவக் காட்டினேன், ஒரே நாள்ல விசாரிச்சு எல்லாம் சொல்லிப்போட்டா." சுகந்திக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உடம்பு முழுக்க ஒரு தளர்வு, கட்டி வைத்திருந்த கயிற்றை யாரோ அறுத்துவிட்ட மாதிரி. தெரியும். தெரிந்தும் பேசினான். தெரிந்தும் பெரிய துண்டைத் தள்ளினான். கண்ணில் நீர் வந்துவிட்டது, வாயைத் திறந்து நன்றி என்று என்னவோ சொல்லப்போனாள். அதற்குள் அவன் உற்சாகமாகத் தொடர்ந்தான். "அம்மா மொதல்ல குதிகுதின்னு குதிச்சாங்க. அப்புறம் அவங்களேதான் சொன்னாங்க, புள்ள நல்ல புள்ளையாட்டத் தெரியுது, நீயாக் கேக்காத, அவளா வாயத் தொறந்து சொல்றாளான்னு பாரு, சொன்னா எனக்குச் சம்மதம்னு. தெனமும் உங்ககூடப் பேசிட்டுப் போன வெச்சதும் அம்மா கேப்பாங்க, இன்னைக்குச் சொன்னாளான்னு. இல்லீம்மான்னுவேன். அன்னைக்கு நான் ஈரோட்டுச் சந்தைய இழுத்தது எதுக்குங்கறீங்க? தெரியாதுன்னுட்டீங்க, எனக்கே சங்கடமாப் போச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லலைன்னா வரமாட்டேன்னு அம்மா ஒரே புடியா இருந்தாங்க. சொல்லிட்டீங்க பாருங்க! இனி ஒண்ணும் தடையில்லைங். இப்பவே அம்மாகிட்டச் சொல்லிப்போடறேன்."

அவன் நல்ல சேதி சொல்கிறான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம், அதில் கள்ளம் ஒன்றுமில்லை, அது அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தின் வழியாகவே ஒவ்வொரு சாயங்காலமும் திரும்பி வந்தது. அவள் பன்னைப் பற்றிப் பேசியது, மழையைப் பற்றிப் பேசியது, ஒரு முறை பாடிக் காட்டியது, தெரியாதுங்க என்றது. எல்லாவற்றையும் ஒருவன் வாசலில் வாங்கிப் பார்த்து, இன்னைக்கும் இல்லை என்று உள்ளே குரல் கொடுத்திருக்கிறான். அவள் மூட்டை தூக்கிக்கொண்டிருந்ததை அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான், இறக்குகிறாளா என்று. காலையிலிருந்து, ஏன், சித்திரையிலிருந்து இருந்த களைப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் கோபம் நின்றது, சுத்தமாக, நிமிர்ந்து. "ஞாயித்துக்கெழமை வராதீங்க" என்றாள். "ஏனுங்?" அவன் திகைத்துப்போனான். "நல்ல சேதிதானுங்க சொன்னேன். நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கலைங்களே." "நான் எடுத்துக்கிட்டனுங்க." குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டாள். "உங்களுக்குத் தெரியும்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, இத்தனை நாளும் நான் உங்ககூடச் சிரிச்சதெல்லாம் நெசமாவே சிரிச்சிருப்பனுங்க." கதவைத் தள்ளிக்கொண்டு ஷாகிதா எட்டிப் பார்த்து, "அக்கா, எல்லாம் பச்சை, ரமணன் சார் ஏத்தலாமான்னு கேக்கறாரு" என்றாள். சுகந்தி போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, படியில் உட்கார்ந்தபடி, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, வாய்விட்டு அழுதாள்.